தமிழ்ப் பெயர் வந்தா மட்டும் வெப்ஹுக் 401 அடிக்குது, ஏன்?

கைத்தறிக்கடை:
வணக்கம். கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ்ல (நம்ம கோடை அவங்க சர்வர்லயே ஓட்டுற சேவை) ஒரு சின்ன வொர்க்கர் எழுதியிருக்கேன். பணம் கட்டினதும் பேமென்ட் கேட்வேயிலிருந்து வெப்ஹுக் (தகவல் சொல்லத் தானா வர்ற ரிக்வெஸ்ட்) வரும், ஹெடர்ல எச்மேக் கையொப்பம் (சீக்ரெட் கீயையும் செய்தியோட பைட்டையும் சேர்த்துக் கணக்கிடுற முத்திரை) இருக்கும். ரிக்வெஸ்ட்டை ஜேசனா பிரிச்சு, அதையே திரும்ப ஸ்ட்ரிங்கிஃபை பண்ணி (எழுத்து வரியாக்கி), எஸ்எச்ஏ-256 போட்டு ஒப்பிடுறேன். பத்து நாளா ஓடிச்சு. நேத்து ஒருத்தர் பெயரைத் தமிழ்ல நிரப்பினார், கையொப்பம் பொருந்தலன்னு 401. ஆங்கிலத்துல நிரப்பினவங்க எல்லாருக்கும் சரியா இருக்கு. சீக்ரெட் கீயை மூணு தடவை மாத்திட்டேன். யூடிஎஃப்-8 (எழுத்தை பைட்டாக்குற முறை) கோளாறா?

நைட்ஷிஃப்ட்:
கீயை விடுங்க, அது தப்புன்னா எல்லாருக்கும்தான் விழுந்திருக்கும். கன்டென்ட்-லெங்த் ஹெடர்ல (வந்த பாடியோட பைட் அளவு) என்ன இருக்கு? நீங்க ஸ்ட்ரிங்கிஃபை பண்ணினது எத்தனை பைட்? டெக்ஸ்ட்என்கோடர் வெச்சு எண்ணுங்க, ஸ்ட்ரிங்கோட லெங்த் பைட் கணக்கு இல்ல.

கைத்தறிக்கடை:
ஹெடர்ல 412. என்னுது 391. பெயர் "முருகன்", வேற தமிழ் எதுவும் இல்ல.

நைட்ஷிஃப்ட்:
21 குறையுது, மாட்டிக்கிச்சு. முருகன் நமக்கு நாலு எழுத்து, யூனிகோடுக்கு ஏழு: ம, உகரக்குறி, ர, உகரக்குறி, க, ன, புள்ளி. அனுப்புற சர்வர் ஒவ்வொண்ணையும் பின்சாய்வுக்கோடு, யூ, நாலு இலக்கம்னு 6 பைட்டா எழுதுது. பிஎச்பி, பைத்தான் ரெண்டுமே ஒண்ணும் சொல்லாம விட்டா ஜேசனை இப்படித்தான் எழுதும். ஜாவாஸ்கிரிப்ட் தமிழைத் தமிழாவே விடும், ஒவ்வொண்ணும் 3 பைட். ஏழுமூணு 21. ஜேசனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எச்மேக்குக்கு வேற வேற. விலை 499.00னு வந்தாலும் உங்க பக்கம் 499 ஆகி இதே கதிதான். பைசாவுல முழு எண்ணா வருது போல, அதான் இத்தனை நாள் தப்பிச்சீங்க.

முதல்ல பாடியை அரேபஃபரா (வந்த பைட்டை அப்படியே) எடுங்க, அந்த பைட்டுக்கே கையொப்பம் பாருங்க, பிறகுதான் பார்ஸ். ஒப்பிட மூணு சமக்குறி வேண்டாம், கிரிப்டோ சப்டில்ல வெரிஃபை இருக்கு.

கைத்தறிக்கடை:
மாத்தினேன். இப்ப எல்லாருக்கும் 500 (சர்வர் கோளாறு)! பாடியை ஏற்கெனவே படிச்சாச்சுன்னு டைப்எரர்.

வேலூர்வெயில்:
மேல எங்கயாவது லாகுக்காக ஜேசன் படிக்கிறீங்களா? பாடி ஒரு ஸ்ட்ரீம், ஒரு தடவைதான் படிக்கலாம். நகலெடுக்க குளோன்னு ஒண்ணு இருக்கு, இங்க அதுக்கு அவசியமே இல்ல. எடுத்த பஃபரையே லாகுக்கும் கொடுங்க.

கைத்தறிக்கடை:
ஆமாங்க, அந்த லாக் வரிதான். முருகன் ஆர்டர் 200, சரியா போயிடுச்சு! இன்னொண்ணு, ஆர்டர் மெயில் சில நேரம் போகுது, சில நேரம் போகல.

நைட்ஷிஃப்ட்:
மெயில் அனுப்புற ஃபெட்சுக்கு அவெயிட் போடாம, அது முடியக் காத்திருக்காம ரெஸ்பான்ஸ் குடுத்திருப்பீங்க. பதில் போனதும் பாதியில நிக்கிற வேலையை ரன்டைம் வெட்டி விட்டுடும். அந்த ப்ராமிஸை வெயிட்அன்டில்ல போடுங்க, பதில் போன பிறகும் 30 வினாடி வரை தாங்கும்.

கைத்தறிக்கடை:
போட்டேன், அஞ்சு ஆர்டருக்கும் மெயில் வந்துடுச்சு. பழைய கீயை மட்டும் எங்க வெச்சேன்னு தேடிட்டிருக்கேன்.

வேலூர்வெயில்:
அது வேண்டாங்க, இப்ப இருக்கிறதே போதும்.