பர்சைட்டிஸ்: உயவுப்பை அழற்சியா, தொடைமேட்டு வலியா?

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான நம் கையேட்டில் ‘பர்சைட்டிஸ்’ (bursitis), அதாவது பர்சா என்ற பையில் வரும் அழற்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், அண்ணாச்சி சொன்ன ‘நீர்ப்பை அழற்சி’ எனக்கு ஒப்பவில்லை. நீர்ப்பை என்றதும் சிறுநீர்ப்பைதான் நினைவுக்கு வரும். ‘மூட்டுப்பை’யும் சரிவராது, மூட்டைச் சுற்றியிருக்கும் உறையோடு குழம்பும். பர்சா என்பது எலும்பும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிப் போக நடுவில் இருக்கும் மெல்லிய பை. உயவு எண்ணெய் நமக்குப் பழகிய சொல்தானே, ஆகவே ‘உயவுப்பை’, ‘உயவுப்பை அழற்சி’ என்றே வைப்போம். தோள், முழங்கை, முழங்கால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இடுப்புக்கு மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். எங்கே என்று கேட்டால், தொடையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பில் கையை வைத்தார். இராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை, ஏற்றம் ஏறினால் குத்துகிறது. அந்த மேட்டை விரலால் அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார். வலிக்கிற காலில் மட்டும் 30 விநாடி நிற்கச் சொன்னேன், பாதியிலேயே அதே வலி வந்துவிட்டது. தொடையை மடக்கி உள்பக்கம் திருப்பியபோது கவட்டில் வலி இல்லை, ஆகவே இடுப்பு மூட்டுக்குள் சிக்கல் என்று தோன்றவில்லை.

இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் அந்த மேட்டில் வந்து சேரும் பிட்டத் தசைநாண்களில்தான். பை மட்டும் வீங்கியிருப்பது குறைவு. பெயரிலேயே ‘அழற்சி’ என்று எழுதிக் கொடுத்தால், ஊசி போட்டுக்கொண்டு ஓய்வெடுத்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 8 வாரத்தில் ஸ்டீராய்டு ஊசியைவிடப் பயிற்சியும் அறிவுரையும் கூடுதல் பலன் தந்தன.

அந்த அக்காவுக்குச் சொன்னதும் அதுதான். படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கால்மேல் கால் போடக் கூடாது, ஒரு காலில் சாய்ந்து நிற்கக் கூடாது. அப்புறம் இடுப்பின் பக்கத் தசைக்கு மெல்ல மெல்ல வலுவேற்றும் பயிற்சி. காலைக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சி வேண்டாம், அது தசைநாணை எலும்போடு வைத்து இன்னும் நசுக்கும்.

அதனால் இடுப்புக்கு ‘தொடைமேட்டு வலி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மருத்துவருக்கு எழுதும் குறிப்பில் ‘பெருந்தொடைமேட்டு வலித்தொகுப்பு’ (greater trochanteric pain syndrome) என்று விரித்துக்கொள்ளலாம். ஸ்கேனில் பை வீங்கியிருப்பது தெரிந்தால் மட்டும் உயவுப்பை அழற்சி என்று எழுதுவோம். நோயாளிகளுக்கான கையேடு அச்சுக்குப் போகுமுன் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.