கையைத் தூக்கினால் கவுனும் சேர்ந்து ஏறுகிறது, உதவுங்கள்

கைத்தையல் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். 1770-களில் இங்கிலாந்தில் உடுத்திய மாதிரி ஒரு கவுனை, மிஷின் தொடாமல் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே பூப்போட்ட பருத்தி, உள்ளே லினன். (நம் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிக்கு அந்த ஊர்ப் பெண்கள் உயிரை விட்டார்கள். 1721-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள், 1774-ல்தான் நீக்கினார்கள்!)

ஸ்டேஸ் என்ற இறுக்கமான உள்ளாடையைக் கட்டிக்கொண்டு, லினனை முதலில் உடம்பில் பொருத்தினேன். அதன்மேல் முதுகு மடிப்புகளை இடுப்பில் வெட்டாமல் பாவாடைவரை ஒரே துணியாக விட்டுத் தைத்தேன். அது அழகாகவே வந்துவிட்டது.

சிக்கல் கைப்பகுதியில்தான். அக்குள் பக்கம் உள்ளிருந்து பின்தையல் போட்டாயிற்று. மேல்பாதியை என் தோளிலேயே மடித்துத் தங்கை குண்டூசி குத்தினாள்; நாலு குத்து எனக்கு. அதை மூடும் தோள்பட்டி இன்னும் வைக்கவில்லை. கையைத் தூக்கினால் முதுகு முழுக்க மேலே ஏறுகிறது.

ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருந்தும் துளையை, ஓர் அங்குலம் கீழே இறக்கி வெட்டிவிட்டேனோ என்று சந்தேகம். அக்குளில் ஒட்டுத்துண்டு வைத்தால் போதுமா, இல்லை லினனையே புதிதாக வெட்ட வேண்டுமா? அந்தக் காலத்திலும் தாராளமாக ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் எனக்குக் கூச்சமில்லை. மேல்துணி மட்டும் இனி அரை முழம்தான் மிச்சம்.