ட்ரெயினிங் முடிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க ஏன் திரும்பி வந்துடறாங்க? உங்க ஊர் அனுபவம் சொல்லுங்க

நான் திண்டிவனம் பக்கம், மகளிர் குழு கூட்டமைப்புல பொறுப்புல இருக்கேன். முன்னெல்லாம் ப்ளாக் ஆபிஸ்ல இருந்து ஃபோன் வரும், டிடியு ஜிகேஒய்-க்கு (கிராமத்துப் பிள்ளைங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து வேலைல சேத்துவிடுற சென்ட்ரல் கவர்மென்ட் திட்டம்) ஆள் வேணும், 35 வயசுக்குள்ள, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் ஃப்ரீனு, நாங்களும் வீடு வீடா போய் பேர் எழுதிக் குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுனு இருந்துடுவோம். ட்ரெயினிங் குடுக்குறவங்களுக்கு எங்க ஊர் தெரியாது, கம்பெனிக்கு பிள்ளைங்களத் தெரியாது. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன பொண்ணுங்க பொங்கலுக்கு வந்தாங்க, பாதி பேர் திரும்பப் போகல. வேலை கஷ்டம்னு ஒருத்தியும் சொல்லல. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் விடுற இடத்துல இருந்து ரூமுக்கு இருட்டுல நடக்கணும், சம்பளம் சொன்னது ஒண்ணு கைக்கு வந்தது ஒண்ணு, இதான் கதை.

அடுத்த பேட்ச்க்கு கூட்டமைப்பு, ட்ரெயினிங் ஏஜென்சி, கம்பெனி ஹெச்ஆர் எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சோம். பேசிக்ல பி.எஃப். 12 சதவீதம், மொத்த சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், கேன்டீனுக்கு இவ்ளோ பிடிப்பாங்கனு சாம்பிள் பேஸ்லிப்ப பெத்தவங்களுக்கே படிச்சுக் காட்டச் சொன்னோம். அப்புறம் வேன் வெச்சு ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு அம்மா ஒவ்வொரு பாத்ரூமா போய் தாழ்ப்பாளப் போட்டுப் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணு விழல, மாத்தினாதான் பொண்ண விடுவேன்னுட்டாங்க. அன்னிக்கே மாத்தினாங்க! அந்த பேட்ச்ல முக்காவாசி பேர் இன்னும் வேலைல இருக்காங்க.

—

அக்கா, எனக்கு வெளியூர் வேலையே வேணாம்னு ஆர்செட்டில (பேங்க் நடத்துற சுயதொழில் ட்ரெயினிங் சென்டர்) செல்ஃபோன் சர்வீஸ் படிச்சேன், 30 நாள், சாப்பாடு தங்குறது ஃப்ரீ. 1982ல கர்நாடகா உஜிரேல தர்மஸ்தலா ட்ரஸ்ட்டும் ரெண்டு பேங்க்கும் சேர்ந்து ஆரம்பிச்ச மாடல்தான் இதுனு எங்க சார் சொல்வாரு. கோர்ஸ் முடிஞ்சும் ரெண்டு வருஷம் ஃபாலோ பண்ணுவாங்க, அதான் பெரிய விஷயம். எங்க ஊர் பேங்க்ல லோனுக்கு இழுத்தடிச்சப்போ சார்தான் கூடவே வந்து பேசினாரு. ஆனா கை ஓடினது என்னவோ பஸ் ஸ்டாண்ட் கடை அண்ணன்கிட்ட உக்காந்த அப்புறம்தான், க்ளாஸ்ல பழைய ஃபோன் போர்டு, கடைல கஸ்டமர் தலைக்கு மேல நிப்பாரு.

—

நல்லாதான் இருக்கு, ஆனா கைக்குழந்தை இருக்குறவங்கள யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. எங்க பக்கம் தையல் க்ளாஸ் சாயங்காலம் அஞ்சு வரைக்கும், அங்கன்வாடி அதுக்கு முன்னாடியே மூடிடும், பாதிலயே பிள்ளையத் தூக்க ஓடணும். ஆள் வரல, பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லனு எழுதிட்டாங்க, எரிச்சலா வந்துச்சு. அங்கன்வாடி டீச்சரும் தையல் அக்காவும் பேசி, மூணு மணிக்கு முடியற மாதிரி நேரத்த மாத்தினாங்க. ஒரு ரூபா செலவில்ல. இப்ப மெஷின் பத்தலனு சண்டை.