நீண்ட ஆபரேஷனில் தசை தளர்த்தி மருந்து: உங்க அனுபவம் வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில் மயக்க மருத்துவரா இருக்கேன். ஐந்தாறு மணி நேரம் ஓடும் குடல் ஆபரேஷன்களில் வெக்குரோனியம்ங்கிற தசை தளர்த்தி மருந்தோட அளவு பற்றி ஆலோசனை தேவை.

செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் மாதிரி மயக்க வாயுக்கள் தசை தளர்த்தியின் வீரியத்தைக் கூட்டும். டெஸ்ஃப்ளுரேன் இன்னும் அதிகமாக் கூட்டும். நரம்பில் ஏத்துற மயக்க மருந்தான புரோபோஃபால் அவ்வளவு கூட்டாது. இது நமக்குத் தெரிஞ்சதுதான். சிக்கலே நேரத்தில்தான் இருக்கு. மயக்க வாயு தசைக்குள் ஊறி நிறையறதுக்கு நேரமாகும். அதனால முதல் மணியில் சரியா இருந்த வெக்குரோனியம் இன்ஃப்யூஷன் (தொடர்ந்து ஏத்துற மருந்து), மூணாவது மணியில் அதிகமாயிடுது. நரம்பை நாலு தடவை தூண்டினா கட்டைவிரலில் ரெண்டு துடிப்பு வந்த கை, பிறகு அசையாமக் கிடக்கு. சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கு வெக்குரோனியத்தின் சிதைபொருளும் உடம்பில் தங்கிடும்.

சமீபத்தில் முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருத்தங்க. ஆபரேஷன் முடிஞ்சு, தளர்த்தியை முறிக்கிற நியோஸ்டிக்மின் கொடுத்தும் தலையணையை விட்டுத் தலை எழும்பல. லேசா புரோபோஃபால் கொடுத்து, நாலாவது துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் உள்ள விகிதம் 0.9 தாண்டின பிறகே மூச்சுக்குழாயில் வச்ச குழாயை எடுத்தோம். நல்லா இருக்காங்க. ஆனா அந்தக் கண்ணில் தெரிஞ்ச பயம் இன்னொருத்தருக்கு வரக்கூடாது.

செவோஃப்ளுரேனில் இன்ஃப்யூஷனை எப்போ, எவ்வளவு குறைக்கிறீங்க? நியோஸ்டிக்மினுக்கு எவ்வளவு முன்னாடி வாயுவை நிறுத்துறீங்க? தளர்த்தியை முறிக்கிற இன்னொரு மருந்தான சுகமடெக்ஸ் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. முழுக்க புரோபோஃபாலில் நடத்துறவங்க, வயசானவங்களுக்கு அட்ராகுரியம்ங்கிற தசை தளர்த்திக்கு மாறிட்டீங்களா? அது சிறுநீரகத்தை நம்பாமத் தானா சிதையும், உடம்பு குளிர்ந்தா மெதுவாகும். தென்காசி, நாகர்கோவில் பக்கம் உள்ளவங்களும் அவசியம் எழுதுங்க.