திறமையான முதலாண்டு வீரரை ஓராண்டு உட்கார வைப்பது சரியா? கல்லூரிக் கூடைப்பந்தில் ரெட்ஷர்ட் முறை

கேள்வி: இண்டியானா வாசகர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து கவனித்துவரும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். நான் பர்டூ பல்கலைக்கழக அணியின் ரசிகன். 2021-22 பருவத்தில் டிரே காஃப்மன்-ரென் இங்கே வந்து சேர்ந்தபோது, பள்ளி அளவிலேயே பெயர் வாங்கியிருந்த அவரது ஆட்டத்தை நவம்பரிலேயே பார்க்கலாம் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஆனால் சாக் ஈடியும் டிரெவியன் வில்லியம்ஸும் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்ததால், பயிற்சியாளர் மாட் பெயின்டர் அவரை அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்ற, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியின்படி, ஆடாத அந்த ஆண்டு அவருடைய கணக்கிலிருந்து கழியவில்லை. இப்படி ஒரு பருவம் ஆடாமல் இருந்து அதைச் சேமித்து வைப்பதைத்தான் ரெட்ஷர்ட் என்கிறார்கள். 2024-25 பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்ததைப் பார்த்தபோது, காத்திருந்தது வீண்போகவில்லை என்றே தோன்றியது.

ஆனால் அவருக்கு அடுத்த ஆண்டு வந்து, அவரைப் போலவே ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்த கேம்டன் ஹைடி, இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு 2025-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். வீரர்கள் ஆண்டுதோறும் அணி மாற முடிகிற, விளம்பர ஒப்பந்தங்கள் வழியாகப் பணமும் ஈட்ட முடிகிற இந்தக் காலத்தில், உடனே ஆடும் திறமையுள்ள ஒரு முதலாண்டு மாணவரை உட்கார வைப்பதில் அணிக்கோ அந்த மாணவருக்கோ நன்மை இருக்கிறதா? எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுத வேண்டுகிறேன்.

பதில்: ஃபிலடெல்ஃபியா வாசகர்

வணக்கம் நண்பரே. இந்தக் கேள்வியில் வில்லனோவா பல்கலைக்கழக அணியின் ரசிகர்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதற்குக் காரணம் மிக்கல் பிரிட்ஜஸ். 2014-இல் அவர் வந்தபோது கை நீண்ட, உடல் மெலிந்த இளைஞர். அவர் ஆட வேண்டிய இடத்தில் டேரன் ஹில்லியர்டும் ஜாஷ் ஹார்ட்டும் இருந்தார்கள். அந்தப் பருவத்தில் வில்லனோவா 36 ஆட்டங்களில் 33-ஐ வென்ற வலிமையான அணி என்பதால், பிரிட்ஜஸை இறக்கியிருந்தால் அவருக்கு ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடங்கள் கிடைத்திருக்கலாம்; அந்த நிமிடங்களுக்கு அவர் கொடுக்க வேண்டிய விலை ஒரு முழுப் பருவம். பயிற்சியாளர் ஜே ரைட் அந்த ஆண்டு அவரை உட்கார வைத்தார். 2016-இலும் 2018-இலும் வில்லனோவா தேசிய சாம்பியன் ஆனபோது இரண்டு அணிகளிலும் பிரிட்ஜஸ் இருந்தார். 2017-18-இல் ஆட்டத்துக்குச் சராசரி 17.7 புள்ளிகள் எடுத்து, தொழில்முறை அணிகளின் என்.பி.ஏ. போட்டிக்குப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 10-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார்.

உட்கார வைப்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த ஆண்டில் அந்த வீரர் உட்காருவதே இல்லை. எடைப் பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிடுகிறார், ஏனெனில் மறுநாள் ஆட்டத்துக்காகக் கால்களைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பயிற்சி ஆட்டங்களில் அடுத்த எதிரணியின் முக்கிய வீரர் எப்படி ஆடுவாரோ அப்படியே ஆடிக் காட்டும் பொறுப்பும் பெரும்பாலும் அவருக்கே வருகிறது. ஆகவே ஒரு வாரம் இடக்கை வீரராகவும் மறுவாரம் தொலைவிலிருந்து எறியும் வீரராகவும் அவர் ஆட வேண்டும். தன் அணியின் சிறந்த தடுப்பாளர் தினமும் அவரையே மறிப்பார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஈதன் ஹாப் 2014-15 பருவம் முழுவதும், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வான ஃபிராங்க் காமின்ஸ்கியோடு பயிற்சியில் மோதிக்கொண்டிருந்தார். மறுபருவம் களமிறங்கியதும், விஸ்கான்சின் ஆடும் பிக் டென் பிரிவின் சிறந்த முதலாண்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. வலுக்குறைந்த எதிரணிக்கு எதிராகக் கடைசி மூன்று நிமிடம் ஆடுவதைவிடக் காமின்ஸ்கியைத் தினமும் இரண்டு மணி நேரம் தடுப்பது மேலான பாடம் என்பதே என் கருத்து.

கூப்பர் ஃபிளாக் போன்ற ஒருவரை யாரும் உட்கார வைக்கப் போவதில்லை; அவர் ஓராண்டு ஆடிவிட்டு 2025 தேர்வில் முதலிடத்தில் சென்றுவிட்டார். நாம் பேசுவது அவருக்கு அடுத்த படியில் இருப்பவர்களைப் பற்றி: ஆட்டம் தெரியும், உடல் இன்னும் தேறவில்லை, முன்னால் இரண்டு மூத்த வீரர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் உட்கார வைப்பதுதான் சரி.

பதில்: ஹூஸ்டன் வாசகர்

மேலே எழுதிய நண்பர் வெற்றி பெற்றவர்களின் பெயர்களை மட்டும் சொல்லியிருக்கிறார். ஓராண்டு உட்கார்ந்து, மறுஆண்டும் வாய்ப்புக் கிடைக்காமல், பேர் தெரியாத கல்லூரிக்கு மாறி ஆட்டத்தை முடித்துக்கொண்ட இளைஞர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவர்களையும் கணக்கில் சேர்க்காமல் இந்த முறை நல்லது என்று சொல்வது நியாயமாகாது.

என் முதன்மையான மறுப்பு வேறு. 1972 வரை முதலாண்டு மாணவர்கள் யாரும் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவே முடியாது. அப்படியிருந்தும் அவர்கள் ஆட்டமில்லாமல் இருக்கவில்லை. அவர்களுக்கென்று தனி அணி, தனி எதிரணிகள், பார்வையாளர்கள் எல்லாம் உண்டு. 1965 நவம்பரில், பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார் என்று அறியப்பட்ட லூ ஆல்சிண்டர் இருந்த யு.சி.எல்.ஏ. முதலாண்டு அணி, நடப்பு சாம்பியனாக இருந்த அதே கல்லூரியின் முதன்மை அணியை 75-60 என்று தோற்கடித்தது. இன்று ரெட்ஷர்ட் ஏற்கும் வீரருக்கு அத்தகைய ஓர் ஆட்டம்கூடக் கிடையாது. அமெரிக்கக் கால்பந்தில் 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் கழியாது என்று விதியைத் தளர்த்தினார்கள். கூடைப்பந்தில் அந்தச் சலுகை வரவில்லை. பதினெட்டு வயதில், பள்ளியின் நட்சத்திரமாக இருந்துவிட்டு வருபவரிடம் ஓராண்டு முழுக்கச் சீருடை அணிந்து ஒரு நிமிடம்கூட ஆடாதே என்று சொல்வது எவ்வளவு கடினமான கோரிக்கை என்பதை நாம் பார்வையாளர் இருக்கையிலிருந்து எளிதில் உணர்வதில்லை.

உங்கள் பர்டூ அணியிலிருந்தே சாக் ஈடியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்துக்கே தாமதமாக வந்தவர், ஏழடி நான்கு அங்குல உயரம், கால்வேகம் போதாது என்று பலர் சொன்னார்கள். ரெட்ஷர்ட் கொடுக்க எல்லாக் காரணமும் இருந்தும் முதலாண்டிலேயே அவரை ஆடவிட்டார்கள், சராசரி 8.7 புள்ளிகள் எடுத்தார், ஆட்டத்துக்கு ஆட்டம் கற்றுக்கொண்டார், பிறகு நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை அடுத்தடுத்து இரண்டு முறை பெற்றார். நெருக்கடியில் நடுவரின் விசில் ஒலிக்கும்போது எப்படி நிற்பது என்பதைப் பயிற்சிக்கூடம் கற்றுத்தராது.

அணியின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு மாறிவிட்டது. முன்பு அணி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற விதி வீரரைப் பிடித்து வைத்திருந்தது. 2021-இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றார்கள். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. பயிர் வளர்த்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற நிலையில் எந்தப் பயிற்சியாளர் பொறுமையாக ஒரு வீரரை வளர்ப்பார்? ஒருசிலர் இன்னும் வளர்க்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் 22, 23 வயது அனுபவசாலியைப் பணம் கொடுத்து வேறு கல்லூரியிலிருந்து அழைத்து வருவதுதான் பெரும்பாலோர் செய்வது.

பதில்: வர்ஜீனியா வாசகி

இருவருடைய பதில்களையும் ஆர்வத்துடன் படித்தேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவ விளையாட்டு வீரர்களுக்குப் பாடங்களில் உதவும் பணியில் இருப்பதால், களத்துக்கு வெளியே தெரிகிற ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முழுநேரம் ஆடுகிற முதலாண்டு மாணவர் இரவு எட்டு மணிக்கு முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு புள்ளியியல் பாடத்துக்கு வந்து உட்காருவார். முந்தைய நாள் விமானத்தில் செய்திருக்க வேண்டிய வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். ஆடாத மாணவருக்கும் பயிற்சி உண்டு, களைப்பும் உண்டு. ஆனால் தோற்ற ஆட்டத்தின் சுமை அவர் தலையில் இருக்காது, பாடத்தில் மனம் நிற்கும். மால்கம் பிராக்டன் காலில் ஏற்பட்ட காயத்தால் 2012-13 பருவம் முழுவதும் ஆடவில்லை. வர்ஜீனியாவில் கழித்த ஐந்தாண்டுகளில் இளநிலைப் பட்டத்தோடு பொதுக்கொள்கையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார், 2016-இல் வர்ஜீனியா ஆடும் ஏ.சி.சி. பிரிவின் சிறந்த வீரர் ஆனார். என்.பி.ஏ. தேர்வில் 36-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டும் 2017-இல் அதன் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். காயம் கட்டாயப்படுத்திய ஓய்வுதான் என்றாலும், ஐந்தாவது ஆண்டு என்ன தரக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வர்ஜீனியா அணியில் காயமில்லாமல் உட்கார்ந்தவர் டி'ஆண்ட்ரே ஹன்டர். அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னெட்டின் தடுப்பாட்ட முறையில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உள்நோக்கிச் சுருங்கி, பந்து வெளியே போனதும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினால் ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும். புதிதாக வருபவருக்கு அது கைவர மாதக்கணக்கில் ஆகும். 2016-17-ஐ அதற்காகச் செலவிட்ட ஹன்டர், 2019 தேசிய இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக 27 புள்ளிகள் எடுத்தார். நான்காவது கால்பகுதி என்று ஒன்றில்லாத கல்லூரி ஆட்டத்தில், இரண்டாம் பாதியின் கடைசி நொடிகளில் ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுசென்ற மூன்று புள்ளி எறிதலும் அவருடையதே.

எனினும் ஹூஸ்டன் நண்பரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முடிவு பயிற்சியாளரின் வசதிக்காக எடுக்கப்படும்போதுதான் அது கெட்டுப்போகிறது. பதினைந்து பேர் கொண்ட அணியில் இடம் நிரப்ப ஒருவரை வைத்துக்கொண்டு, அக்டோபர் இறுதியில் திடீரென்று ரெட்ஷர்ட் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மாணவரைச் சேர்க்கும்போதே, பெற்றோர் எதிரில், இந்த ஆண்டு எத்தனை கிலோ எடை கூட வேண்டும், எந்தத் திறனை வளர்க்க வேண்டும், அடுத்த பருவம் யாருடைய இடம் காலியாகிறது என்று பேசி முடித்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மாணவருடையது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே.

கேட்டவர்: இண்டியானா வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு துணைக்கேள்வி உண்டு. பருவத்தின் நடுவில் மூத்த வீரர்கள் காயமடைந்தால், உட்கார வைத்திருந்தவரை இறக்கிவிடுகிறார்களே, அப்போது அந்தப் பருவம் முழுமையாகக் கழிந்துவிடுமா? மேலும், முதலாண்டில்தான் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா?

பதில்: ஃபிலடெல்ஃபியா வாசகர்

முதல் கேள்விக்கு: ஆம், முழுமையாகக் கழிந்துவிடும். ஜனவரியில் ஒரே ஒரு நிமிடம் இறங்கினாலும் ஒரு பருவம் போய்விட்டது. அதன்பின் பருவத்தின் முற்பாதியிலேயே அவர் காயமடைந்து, மொத்த ஆட்டங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஆடாமல் இருந்தால் மட்டுமே மருத்துவக் காரணம் காட்டி அதைத் திரும்பக் கேட்கலாம்; எங்கள் டான்டே டிவின்சென்ஸோ 2015-16-இல் காலெலும்பு முறிந்தபோது அப்படித்தான் ஒரு பருவத்தைத் திரும்பப் பெற்றார், 2018 இறுதியாட்டத்தில் 31 புள்ளிகள் எடுத்தார். காயமில்லாதவரைப் பிப்ரவரியில் அவசரத்துக்கு இறக்கும் பயிற்சியாளர் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறார் என்றே நான் கருதுகிறேன், அந்த வீரர் தானாக முன்வந்து கேட்டிருந்தால் தவிர.

இரண்டாவதற்கு: கட்டாயம் இல்லை. கொன்ஸாகா பல்கலைக்கழகத்தின் கெல்லி ஒலினிக் முதலில் இரண்டு பருவங்கள் ஆடினார். சராசரி 6 புள்ளிகளைக்கூட எட்டவில்லை. மூன்றாவது ஆண்டை முழுவதுமாக உடலை வலுப்படுத்துவதற்கு ஒதுக்கினார். திரும்பி வந்த 2012-13 பருவத்தில் சராசரி 17.8 புள்ளிகள், என்.பி.ஏ. தேர்வில் 13-ஆம் இடம். முதலாண்டு மாணவருக்குத் தன்னிடம் எது குறைகிறது என்பதே தெரியாது. இரண்டு பருவம் அடிபட்டவருக்கு அது துல்லியமாகத் தெரியும். ஆகவே இந்த வழி இன்னும் அதிகமானோருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பதில்: ஹூஸ்டன் வாசகர்

ஒலினிக் விஷயத்தில் உடன்படுகிறேன். அது அவரும் பயிற்சியாளரும் தெரிந்தே சேர்ந்து எடுத்த முடிவு. முதலாண்டு மாணவர்களைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை. ஐந்தாண்டுகளில் ஐந்து பருவங்களும் ஆடலாம் என்று விதியை மாற்றும் யோசனை 2025-இல் என்.சி.ஏ.ஏ. வட்டாரத்தில் தீவிரமாகப் பேசப்பட்டது. அதைத்தான் நான் ஆதரிக்கிறேன். அப்படி ஒரு விதி இருந்திருந்தால், 2021-இல் காஃப்மன்-ரென் தினமும் ஈடியோடு பயிற்சியில் மோதியும் இருப்பார், முப்பது புள்ளி முன்னிலையில் இருக்கும் டிசம்பர் ஆட்டங்களில் பத்து நிமிடம் களத்திலும் இருந்திருப்பார்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்திருக்காது.