டைம்_டியை 64 பிட் ஆக்கியதும் சென்சார் தேதிகள் 2161, 2297 என்று எகிறுகின்றன (32 பிட் ஆர்ம், ஜிலிப்சி 2.36)

ஈயப்பற்று:
வணக்கம். 32 பிட் ஆர்ம் போர்டில் லினக்ஸ் (அடிப்படை சி நூலகம் ஜிலிப்சி), நான்கு வெப்பநிலை சென்சார்கள். நேரத்தை 1970-இலிருந்து நொடிகளாக எண்ணும் சி வகையான டைம்_டி 32 பிட்டாக இருந்தால் 2038-இல் நிரம்பிவிடும். 2038 ஜனவரி 19-ஐத் தாண்டியும் ஓட வேண்டுமென்று, டைம்_டியின் அளவைத் தீர்மானிக்கும் டைம் பிட்ஸ் மேக்ரோவுக்கு 64 கொடுத்து என் நிரலை மறுபடி கம்பைல் செய்தேன். ஃபைல் ஆஃப்செட் பிட்ஸும் 64 இருந்தால்தான் ஆச்சு என்று ஹெடர் எரர் காட்டியது; அதையும் கொடுத்தேன். பிறகு ஒரு வார்னிங்கூட இல்லை.

ஆனால் ஒரே நொடியில் எடுத்த அளவீடுகளின் நேரம் இப்படி விழுகிறது (யுடிசி):

சென்சார் 0: 2025 ஜூன் 14, 10:00:00
சென்சார் 1: 2161 ஜூலை 21, 16:28:16
சென்சார் 2: 2297 ஆகஸ்ட் 27, 22:56:32
சென்சார் 3: 2433 அக்டோபர் 4, 05:24:48

சென்சார் நூலகம் தயாரிப்பாளர் கொடுத்தது. பைனரி மட்டும்தான், சோர்ஸ் கிடையாது. அளவீடு வந்ததும் அது என் நிரலில் உள்ள ஒரு ஃபங்ஷனை அழைக்கும் (கால்பேக்); அதில் பல மதிப்புகளை அடுத்தடுத்து வைத்த ஒரு ஸ்ட்ரக்ட் அனுப்பும்: முதலில் டைம்_டி நேரம், அடுத்து இன்ட் சேனல், கடைசியில் இன்ட் மதிப்பு. எந்த சென்சார் என்பது கால்பேக்கின் முதல் ஆர்கியுமென்டிலேயே வந்துவிடுவதால் சேனலை நான் படிப்பதில்லை. மேக்ரோவை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

நள்ளிரவு_பில்டு:
பிரின்ட்எஃப்தான். லாங் என்று கொடுத்திருப்பீங்க. 32 பிட்டில் லாங் இன்னும் 4 பைட்தான், டைம்_டி இப்போ 8. லாங் லாங்குக்கு காஸ்ட் பண்ணி அச்சிடுங்க ப்ரோ.

ஈயப்பற்று:
அதை முதலிலேயே செய்துவிட்டேன் ப்ரோ. காஸ்ட் பண்ணித்தான் அச்சிடுகிறேன்.

பழைய_கர்னல்:
சென்சார் 0 மட்டும் பிழைத்திருக்கிறது பாருங்கள், துப்பு அங்கேதான். அடுத்தடுத்த இரண்டு வரிகளைக் கழித்தால் எப்போதும் 49,710 நாள், 6 மணி, 28 நிமிடம், 16 நொடி வரும். நொடியாக மாற்றினால் 4,29,49,67,296. அதாவது 2-இன் அடுக்கு 32. சென்சார் எண்ணை யாரோ உங்கள் நேரத்தின் மேல் பாதியில் எழுதுகிறார்கள்.

சேனலையும் மதிப்பையும் சேர்த்து அச்சிட்டுக் காட்டுங்கள்.

ஈயப்பற்று:
சென்சார் 1-க்கு சேனல் 2740 என்று வருகிறது! மதிப்பு ஏதோ பெரிய மைனஸ் எண். அறையில் 27.40 டிகிரி. நூலகம் டிகிரியை நூறால் பெருக்கித்தான் தரும்.

பழைய_கர்னல்:
அவ்வளவுதான், பிடிபட்டது. நூலகத்தைக் கம்பைல் செய்தபோது டைம்_டி 4 பைட். அதனால் அதன் கணக்கில் ஸ்ட்ரக்ட் 4+4+4, மொத்தம் 12 பைட். உங்கள் கணக்கில் 8+4+4, மொத்தம் 16. அது 4-ஆவது பைட்டில் வைக்கும் சேனல் உங்கள் நேரத்தின் மேல் பாதியாகிறது, 8-ஆவது பைட்டில் வைக்கும் மதிப்பு உங்கள் சேனலாகிறது. மதிப்பு என்று நீங்கள் படிப்பது ஸ்ட்ரக்டுக்கு வெளியே கிடக்கும் குப்பை. சேனல் 0 என்றால் மேல் பாதியும் 0, அதனால்தான் அந்த ஒரு வரி சரியாகத் தெரிகிறது. ஒரே ஒரு சென்சாரை மாட்டிச் சோதித்திருந்தால் சந்தோஷமாக வெளியிட்டிருப்பீர்கள்.

ஈயப்பற்று:
அது சரி அண்ணா, என் நிரலையும் நூலகத்தையும் இணைக்கும் லிங்கர் ஏன் வாயே திறக்கவில்லை?

பழைய_கர்னல்:
லிங்கர் பொருத்திப் பார்ப்பது சிம்பல்களை; சி மொழியில் சிம்பல் என்றால் வெறும் பெயர், அதில் வகை கிடையாது. ஜிலிப்சி 2.34-இலிருந்து (2021) தன் வீட்டை மட்டும் ஒழுங்காகக் காவல் காக்கிறது: மேக்ரோவைக் கொடுத்தால் உங்கள் டைம், ஸ்டேட் அழைப்புகளையெல்லாம் 64 பிட் பெயர்களுக்குத் திருப்பிவிடும். மூன்றாமவர் நூலகத்தின் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றே, அதனால் பொருந்திவிடுகின்றன. மேக்ரோ உங்கள் கோப்புகளை மட்டும்தான் மாற்றியது.

ஜிலிப்சிக்கு மாற்றான மசல் என்ற சி நூலகம் 1.2.0-இல் (2020) எல்லா 32 பிட் கட்டமைப்புக்கும் டைம்_டியை ஒரேயடியாக 64 ஆக்கியது. டெபியன் லினக்ஸ் தன் 32 பிட் ஆர்ம் பதிப்பான ஆர்ம்எச்எஃப்பை மாற்றியபோது, பாதிக்கப்படும் நூலகத் தொகுப்புகளின் பெயரில் டி64 என்று வால் ஒட்டி, அவற்றைச் சார்ந்தவற்றையும் சேர்த்து மறுபடி கட்டினார்கள். பெயர் மாறாமல் உள்ளே அளவு மட்டும் மாறினால் உங்களுக்கு வந்த வியாதிதான் ஊருக்கே வரும். 32 பிட் இன்டெல் பதிப்பான ஐ386-ஐ மட்டும் தொடாமல் விட்டார்கள். பழைய பைனரிகளை ஓட்டத்தான் அது இன்னும் இருக்கிறது.

நள்ளிரவு_பில்டு:
சோர்ஸே இல்லாதவருக்கு இதெல்லாம் சொல்லி என்ன பயன்? வேலை நடக்க வழி சொல்லுங்க.

பழைய_கர்னல்:
சொல்கிறேன். தனியாக ஒரு சின்ன சி கோப்பு எழுதுங்கள். தயாரிப்பாளரின் ஹெடரை அது மட்டும் சேர்க்கட்டும், அதற்கு மட்டும் டைம் பிட்ஸ் மேக்ரோ வேண்டாம். கால்பேக்கை அங்கே வாங்கி, சேனலையும் மதிப்பையும் வெறும் இன்ட்டாக உங்கள் பக்கம் தள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஹெடரில் டைம்_டி என்ற சொல்லே வரக்கூடாது. நேரத்தை நூலகத்திடம் கேட்காதீர்கள், உங்கள் பக்கத்திலேயே கடிகாரத்தைப் படியுங்கள். அதனிடம் இருப்பது எப்படியும் 2038-ஓடு முடியும் நேரம். முடித்ததும் போர்டின் கடிகாரத்தை 2038 ஜனவரி 19, 03:14:00-க்கு நகர்த்தி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். 03:14:07 தாண்டியதும் நூலகம் உள்ளுக்குள் திணறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஈயப்பற்று:
செய்தேன். நான்கு சென்சாரும் ஒரே நேரம் காட்டுகின்றன, 03:14:08-உம் தாண்டிவிட்டது. நூலகத்தின் நேரம் அந்த நொடியிலேயே கோணலாகிவிட்டது, ஆனால் மதிப்புகள் நிற்காமல் வருகின்றன. இன்னொரு தலைவலி: என் பழைய லாக் கோப்புகளைப் படித்தால் எல்லாம் குப்பை.

பழைய_கர்னல்:
ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டியிருப்பீர்கள். அதே 12-க்கும் 16-க்கும் உள்ள சண்டைதான். பழையதை 32 பிட் இன்ட் வைத்த ஸ்ட்ரக்டால் படித்து, புதிய கோப்பின் தொடக்கத்தில் ஒரு வடிவ எண்ணைப் போட்டு, நேரத்தை 64 பிட் இன்ட்டாக எழுதிவிடுங்கள். இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் நேரம் போன்ற விவரங்களை வைக்கும் பதிவு) அளவு என்ன என்றும் பாருங்கள். 128 பைட் என்றால் கோப்பின் நேரமும் 2038-இல் நிற்கும். 256 என்றால் 2446 வரை கவலையில்லை.

ஈயப்பற்று:
256. தப்பித்தேன். பழைய லாகை மாற்றும் நிரல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி அண்ணா.