[கலைச்சொல்] பணிப்பாய்வா, சொட்டுமடலா, மடலோட்டமா?

டர்பனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

மடல் அனுப்பும் மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் ஒர்க்ஃப்ளோவுக்கு (யாருக்கு, எப்போது, எந்த மடல் என்று வகுத்துவைத்தால் தானே அனுப்பும் ஏற்பாடு) "தானியங்கு மின்னஞ்சல் பணிப்பாய்வு" என்று போட்டு வைத்திருக்கிறோம். பட்டனுக்குள் நுழையவில்லை. கைபேசியில் "தானியங்கு மின்…" என்பதோடு நின்றுவிடுகிறது. பொருளும் சரியில்லை. விடுப்பு விண்ணப்பம் எழுத்தரிடமிருந்து மேலாளருக்குப் போவது பணிப்பாய்வு. இங்கே பணி எதுவும் கைமாறவில்லை, மடல்தான் போகிறது.

என் பரிந்துரை சொட்டுமடல். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே வரவேற்பு, 2 நாள் கழித்துக் கடையின் அறிமுகம், 5ஆம் நாள் தள்ளுபடி என்று ஒவ்வொன்றாக விழுகிறது. சொட்டுநீர்ப் பாசனம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

---

ரோஸ் ஹில்லிலிருந்து:

வணக்கம் ஐயா. சொட்டுமடல் அழகான சொல், ஆனால் பாதி வேலைக்குத்தான் பொருந்தும். சொட்டுக்குழாய் செடி குடித்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் மொழிபெயர்க்கும் பொருளோ ஒவ்வொரு படியிலும் பார்க்கவேண்டும்.

கூடையில் புடவையைப் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவரை எடுத்துக்கொள்வோம். 1 மணி நேரத்தில் முதல் நினைவூட்டல், மறுநாள் இரண்டாவது, மூன்றாம் நாள் கடைசி. "வாங்கிவிட்டாரா" என்ற கேள்வியைத் தொடக்கத்தில் மட்டும் வைத்தால், 10 மணிக்குப் பணம் கட்டியவருக்கு 11 மணிக்கு "உங்கள் கூடை காத்திருக்கிறது" என்று போகும். ஒவ்வொரு மடலுக்கும் முந்திய படியாக அந்தக் கேள்வி வரவேண்டும். ஆம் என்றால் ஆள் வெளியே. இப்படிக் கிளை பிரிவதைச் சொட்டு என்று எப்படிச் சொல்வது?

மடற்சரம் என்று யோசித்தேன். நிரலாளர்கள் சரத்தை ஏற்கெனவே வேறு பொருளில் (ஸ்ட்ரிங், எழுத்துகளின் தொடர்) எடுத்துக்கொண்டார்கள். மடற்கோவை என்றால் இலங்கைக்காரர் அலுவலகக் கோப்பை நினைப்பார். மடலோட்டம் எப்படி? நீரோட்டம் போல. "ஓட்டத்தில் 312 பேர்", "ஓட்டத்தை நிறுத்து" என்று வினையோடும் ஒட்டுகிறது. எங்கள் மொரீஷியஸ் பக்கம் வீட்டில் கிரியோல், பள்ளியில்தான் தமிழ். நீண்ட கூட்டுச்சொல்லை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், ஆகவே நீளமும் ஒரு காரணம். நேர்கோட்டில் நாள் கணக்கில் மட்டும் போகும் எளிய வகைக்குச் சொட்டுமடல் இருக்கட்டும்.

(கேட்காதவருக்கு விடாமல் அனுப்பும் கடைக்காரருக்குப் பழைய சொல்லே இருக்கிறது: மடலேறுதல்.)

---

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

மடலோட்டத்துக்கு என் ஓட்டு. ஆனால் பெயரைவிடப் பெரிய கோளாறு உள்ளே இருக்கிறது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் டிரிகருக்கும், இடையில் சரிபார்க்கும் கண்டிஷனுக்கும் இரண்டு இடத்திலும் "நிபந்தனை" என்றே போட்டிருக்கிறோம். அதனால் வரும் விபத்தைப் பாருங்கள்.

"நிபந்தனை: பட்டியலில் உள்ளவர்" என்று ஒருவர் அமைக்கிறார். அவர் நினைத்தது இனிமேல் சேர்பவரை. மென்பொருள் புரிந்துகொண்டது இப்போது இருப்பவர் எல்லோரையும். இயக்கு என்று தட்டியவுடன் பழைய 4,000 முகவரிக்கும் "வருக, புதிய நண்பரே" என்று போகிறது. ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்கிறது. 4,000 மடலுக்கு 12 புகார் வந்தாலே எல்லை. அதன்பிறகு பணம் கட்டிய ரசீதுகூடக் குப்பைப் பெட்டிக்குப் போகலாம்.

ஒன்று நிகழ்வு, மற்றொன்று நிலை. தமிழில் இந்த வேறுபாடு விகுதியிலேயே இருக்கிறது: சேர்ந்ததும், வாங்கியதும், படிவம் நிரப்பியதும் என்பன நிகழ்வு. சேர்ந்திருந்தால், வாங்கியிருந்தால் என்பன நிலை. பெட்டியின் தலைப்புக்குத் தொடக்கி, நிபந்தனை என்ற இரண்டு பெயர்ச்சொல் போதும். உள்ளே வரும் தேர்வுகள் எல்லாம் தொடக்கியில் "-தும்" என்றும் நிபந்தனையில் "-ஆல்" என்றும் முடியட்டும். தவறாக அமைத்தால் வாசிக்கும்போதே காதில் இடறும்.

இன்னொன்று மறுநுழைவு. ஒருவர் அதே ஓட்டத்துக்குள் மீண்டும் வரலாமா என்ற பொத்தான். கூடை ஓட்டத்துக்கு அது திறந்திருக்கவேண்டும். ஒப்புதல் கேட்கும் ஓட்டத்துக்குக் கட்டாயம் மூடியிருக்கவேண்டும். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 69ஆம் பிரிவின்படி, வாடிக்கையாளர் அல்லாதவரிடம் விளம்பர மடலுக்கு ஒப்புதல் ஒருமுறைதான் கேட்கலாம். அதனால் இயல்பாக மூடியே இருக்கட்டும் என்பேன்.

---

டர்பனிலிருந்து:

"-தும்", "-ஆல்" மிகச் சரி. இன்றே மாற்றுகிறேன். சொட்டுமடலை வார்ப்புருப் பெயராக வைத்துக்கொள்கிறேன்.

"திறந்தால்" என்ற தேர்வில் மட்டும் தயக்கம். மடலில் உள்ள படம் இறங்கியதை வைத்துத்தான் திறந்தார் என்று கணக்கிடுகிறோம். ஆப்பிள் 2021இல் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. ஆள் கண்ணால் பார்க்காத மடலும் திறந்ததாகவே பதிவாகும். "திறக்காவிட்டால் மறுபடி அனுப்பு" என்ற கிளை அந்தப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு நடக்கவே நடக்காது. "திறந்ததாகப் பதிவானால்" என்று போடலாமா? நீளம்தான், ஆனால் உண்மை. இணைப்பைத் தட்டியதைப் பார்ப்பது மேல். அதிலும் அலுவலக முகவரிகளில் பாதுகாப்பு மென்பொருளே இணைப்புகளைத் தட்டிப் பார்ப்பதுண்டு. நம்பத்தக்கது "வாங்கியிருந்தால்" ஒன்றே.

போய்ச் சேராமல் திரும்பிவரும் மடலுக்கு, அதாவது பவுன்ஸுக்குத் திரும்பல். 5இல் தொடங்கும் பிழை எண் நிரந்தரம், 4 தற்காலிகம்.

---

ரோஸ் ஹில்லிலிருந்து:

"டிலே" படிக்குத் "தாமதம்" வேண்டாம். ஏதோ குற்றம் நடந்ததுபோல் இருக்கிறது. "காத்திரு" போதும்: காத்திரு 2 நாள், காத்திரு காலை 9 வரை. யாருடைய 9 என்பதும் திரையில் தெரியவேண்டும். டர்பனில் 7 அடிக்கும்போது இங்கே 9. இரண்டு பக்கமும் கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால் இந்த 2 மணி எப்போதும் மாறாது, ரியூனியனுக்கும் இதே கணக்கு.

தேதித் தொடக்கியில் "ஆண்டுதோறும்" என்ற தேர்வின் கீழ் ஓர் எச்சரிக்கை சேருங்கள். பிறந்தநாளுக்கு அது சரி. தைப்பூசக் காவடிக்கு 10 நாள் முன்பு சந்தனமும் மஞ்சளும் விற்க மடல் விடுபவர் இதைத் தேர்ந்தால் அடுத்த ஆண்டு தவறான நாளில் போகும். பூசம் ஆங்கிலத் தேதியில் நிற்காது. தேதியை ஆண்டுக்கு ஒருமுறை கையால் ஏற்றவேண்டும்.

பொருள்வரியில் ஒரு பிழையும் கண்டேன். "காவடி நாட்களுக்கான சந்தனம்" என்று அனுப்பினால் "கான" தொடங்கும் இடத்தில் கறுப்புக் கட்டங்கள். மடல் தலைப்பில் குறியாக்கிய ஒரு துண்டு 75 குறிக்குள் அடங்கவேண்டும் என்பது நெறி. பேஸ்64 என்ற குறியாக்கத்தில் அதற்குள் 45 பைட்தான் கொள்ளும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 குறி சரியாக முடியும். நடுவே ஒரு இடைவெளி வந்தால் அது 1 பைட், கணக்கு நழுவிவிடும். "காவடி நாட்களுக்" வரை 43 பைட், அடுத்த "க" இரண்டாவது பைட்டிலேயே வெட்டுப்படுகிறது. பைட்டை எண்ணி வெட்டாமல் எழுத்து முடிந்த இடத்தில் வெட்டும்படி நிரலாளரிடம் சொல்லவேண்டும்.

---

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

கடைசியாக அன்சப்ஸ்கிரைப். இப்போது ஓட்டத்திலிருந்து ஆளை எடுப்பதற்கும் ஆள் பட்டியலைவிட்டுப் போவதற்கும் இரண்டுக்குமே "வெளியேறு" என்று இருக்கிறது. வாங்கியவர் கூடை ஓட்டத்திலிருந்து வெளியேறுகிறார், பட்டியலில் தொடர்கிறார். அதை விலகல் என்று படித்து ஒருவர் நல்ல வாடிக்கையாளரை எல்லாம் அனுப்பாப் பட்டியலில் போட்டுவிடுவார். கருவி செய்வது வெளியேற்று, ஆள் செய்வது விலகு என்று பிரித்துவிடுவோம்.

மடலின் அடியில் வாசகர் காணும் இணைப்புக்கு "விலகு"கூட வேண்டாம். "இனி வேண்டாம்" என்று எழுதலாம். விளம்பர மடலின் தலைப்பில் வைக்கும் விலகல் வசதி ஒரே தட்டலில் முடியவேண்டும், 2 நாளுக்குள் நடப்புக்கு வரவேண்டும் என்பது மொத்தமாக அனுப்புவோருக்கு ஜிமெயில் வைத்திருக்கும் விதி. அடியில் உள்ள இணைப்பிலும் "உறுதியா?" என்று இன்னொரு பக்கம் திறக்கும் வழக்கத்தை எடுத்துவிடுங்கள்.